முகத்துக்குத் திருப்ப முடியாத டோர்ச்

நம் மிட்வைஃப்மார் போன் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கச்சி ஒருத்தி போன வாரம் ஒரு படம் போட்டுக் கேட்டிருந்தாள். "அக்கா, ஃபீல்டுக்குப் போக இந்த டோர்ச் எடுக்கலாமா? ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு அடிக்குமாம்." கறுப்பு உடம்பு, முன்னால் பல்லுப் பல்லாக வெட்டிய வளையம், பின்பக்கம் ஒரே ஒரு பொத்தான்.  நான் வைத்திருந்ததும் கிட்டத்தட்ட அதே சாதிதான். அவள் படத்துக்குக் கீழே ஏழெட்டுப் பேர் "எடு, எடு" என்று கட்டை விரலை உயர்த்தியிருந்தார்கள்.

நான் பதில் போடவில்லை. போனில் தட்டினால் எனக்கு விரல் நோகும். அதைவிட, அது ஒரு வரியில் முடிகிற பதிலும் இல்லை; அதனால் தாளில் எழுதிக் குழுவுக்கு அனுப்புகிறேன். ஓய்வு பெற்ற மிட்வைஃப் வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டாள் என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரியும். சிரியுங்கள். ஆனால் கடைசிவரை வாசித்துவிட்டு அந்தப் பிள்ளை கடைக்குப் போகட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் வேலைக்கு டோர்ச் வேண்டும். போன் வெளிச்சம் போதும் என்று சொல்பவர்கள் மழையில் தேயிலை மலைக்குள் இறங்கிப் பார்க்காதவர்கள். ஒரு கையில் பை, ஒரு கையில் குடை, காலில் அட்டை, அந்த நேரத்தில் பார்த்துத்தான் மேலதிகாரி போன் எடுப்பார். லிந்துலைப் பக்கத்துத் தோட்டங்களில் என் உத்தியோக காலத்தில் பாதிக்கு மேல் கழித்தவள் நான். ஆரம்பத்தில் என்னிடம் இருந்தது இரண்டு பேட்டரி போடுகிற பழைய தகர டோர்ச். மஞ்சளாக, அழுது வடிகிற மாதிரி எரியும். ஒரு நாள், மலைக் கடைசியில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற தொங்கல் லயத்துக்குப் போகிற பாதையில் அது பொசுக்கென்று அணைந்து, நான் கானுக்குள் விழுந்தேன். மலைக்கு நடுவே தண்ணீர் ஓட வெட்டி வைத்திருக்கிற கான் ஓர் ஆளை விழுங்குகிற ஆழம் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். முட்டி பெயர்ந்து வீங்கிவிட்டது. அந்தக் கோபத்தில் நேரே நுவரெலியா டவுனுக்குப் போய், கடையில் இருந்ததிலேயே பலமானதைக் கேட்டு வாங்கினேன்.

கடைக்காரர் அதைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து எதிர்ப்பக்கக் கட்டடத்தின் மேல் அடித்துக் காட்டினார். பட்டப்பகலில் சுவரில் வட்டம் தெரிந்தது. "மிஸ், இது இருந்தா புலியே வந்தாலும் கண்ணு கூசி ஓடிரும்" என்றார். புலிக்குப் பிரசவம் பார்க்கவா போகிறோம் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பெருமையோடு வாங்கி வந்தேன்.

இப்போது நம் மலையகத்து லயங்களில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். டவுனில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்காது. பொழுது சாய்ந்த பிறகு டோர்ச்சோடு லயத்துப் பக்கம் வருகிறவர்கள் வெளிச்சத்தைக் காலடியில் போட்டுத்தான் வருவார்கள். "யாரு வர்றது?" என்று ஒரு குரல் கேட்டால், டோர்ச்சை ஒரு தரம் தன் முகத்துக்குத் திருப்பிக் காட்டிவிட்டு நடப்பார்கள். வெளிச்சம் வைத்திருப்பவனுக்கு எல்லாம் தெரியும், எதிரில் இருப்பவனுக்கு அவனைத் தெரியாது. அதனால் முதலில் தன்னைக் காட்டுவது மரியாதை. அந்தத் தகர டோர்ச் இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் போனேன். புதுசு வந்த அன்று ஒரு முறை முகத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். கண்ணில் மிளகாய்த்தூள் விழுந்த மாதிரி இருந்தது. அதோடு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

விட்டதற்கு முதல் கூலி பீலிக்கரையில் கிடைத்தது. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள், இருட்டுகிற நேரத்தில், மலை ஊற்றிலிருந்து குழாயில் கொட்டுகிற பீலித் தண்ணீரில் பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். நான் மேல் பாதையில் வந்தவள், கீழே ஏதோ சத்தம் கேட்கிறதே என்று பொத்தானை அமுக்கினேன். பீலிக்கரை முழுக்கப் பகலாகிவிட்டது.

"ஐயோ, எவன்டா அவன்! லைட்ட அமத்துடா!"

"நான்தான் மிட்வைஃப் மிஸ்" என்று கத்தினேன்.

நனைந்த துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டே மல்லிகா என்ற ஒருத்தி தலையை நிமிர்த்தினாள். கொழுந்தெடுக்கிறவள், வாய்க்காரி. "என்னங்க மிஸ், சூட்டிங்கா? சொல்லியிருந்தா பவுடர் போட்டுட்டு வந்திருப்போம்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மல்லிகா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "மூஞ்சிய காட்டிட்டு வாங்க மிஸ். ஆம்பளைங்களே அப்பிடித்தான் வருவாங்க" என்றாள். "சரி சரி" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அடுத்த நாளிலிருந்து தோட்டம் முழுக்க எனக்கு 'ஹெட்லைட் மிஸ்' என்று பெயர். வெட்கத்தைக் கேளுங்கள், அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி என் வீட்டில் வந்து சொன்னேன்.

மல்லிகாவின் தம்பி பெண்சாதி தனம். தம்பிக்குக் கொழும்பில் கடை வேலை, பெருநாளுக்குப் பெருநாள்தான் வருவான். தனத்துக்கு முதல் பிள்ளை, பெண் குழந்தை. பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு கிளினிக் நாளில் பிள்ளையை நிறுத்துப் பார்த்தேன். எடை ஏறவில்லை. நீண்ட வரிசை, மழை, கூரை ஒழுகல், எனக்குக் காலையிலிருந்து தேத்தண்ணி கூட இல்லை. காரணம் சொல்லவில்லை, அன்றைய நிலைமையைச் சொல்கிறேன்.

"என்னடி இது, புள்ளைக்குப் பால் குடுக்கிறியா, இல்ல வேடிக்கை காட்டிக்கிட்டு இருக்கியா?" என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நமக்குத்தான் ஆள் சிரித்தால் இன்னும் பேசத் தோன்றுமே. "அடுத்த தடவையும் இப்பிடியே இருந்துச்சுன்னா புள்ளய நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவேன். ஒன்ன நம்பி விட ஏலாது" என்றேன்.

அவள் பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனாள். அவள் தூங்கி எத்தனை நாளாயிற்று, எதற்கு அவள் கண் அப்படிக் குழிவிழுந்து கிடக்கிறது, யார் அவளுக்கு இராத்துணை இருக்கிறார்கள், எதையும் நான் கேட்கவில்லை. பிள்ளை பெற்றவளின் மனசு பேதலிக்கும் என்பதைப் பயிற்சியில் படித்தவள்தான் நான். உங்களைவிட நன்றாகப் பரீட்சை எழுதியவளும் கூட.

அன்று பொழுது சாயும்போது மல்லிகா என் குவாட்டர்ஸ் வாசலில் மூச்சிரைக்க நின்றாள். "மிஸ், தனத்தக் காணோம். புள்ளயும் இல்ல. செருப்பு வாசல்ல கெடக்கு."

லயத்து ஆம்பிளைகள் ஏற்கெனவே மெயின் ரோட்டுக்கும் கோயில் பக்கமும் ஓடியிருந்தார்கள். மல்லிகா மேட்டு லயத்தில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனாள். நான் டோர்ச்சை எடுத்துக்கொண்டு கீழ் மலைக்கு இறங்கினேன். அந்த மலையின் அடியில் ஆறு ஓடுகிறது. கரை செங்குத்து, இரண்டு நாள் மழையில் தண்ணீர் பெருகிக் கிடந்தது. அவள் அங்கே போயிருக்கக்கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது. கூடவே, என்னிடம்தான் நல்ல டோர்ச் இருக்கிறது, நான்தான் கண்டுபிடிப்பேன் என்றும் ஒரு நினைப்பு. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பனி இறங்கியிருந்தது. பலமான வெளிச்சத்தைப் பனியில் அடித்தால் வெள்ளைச் சுவர்தான் தெரியும் என்பதை அன்று கண்டேன். அடிக்க அடிக்க என் கண்தான் கூசியது. காலால் தடவித் தடவிக் கடைசிக் கான்வரை இறங்கினேன். அந்த இடத்தில் காற்றுக்குப் பனி கொஞ்சம் விலகியது. பொத்தானை அமுக்கினேன்.

ஆற்றோரப் பாறையில் தனம் உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் நேரே அவள் முகத்தில் விழுந்தது. அவள் தன் கண்ணை மறைக்கவில்லை. உள்ளங்கையை விரித்துப் பிள்ளையின் கண்ணை மறைத்தாள். மறைத்தபடியே எழுந்து நின்றாள். பாறைக்குப் பின்னால் தண்ணீர்.

"யாரு? யாரு அது? மூஞ்சிய காட்டுங்க!"

நான் டோர்ச்சை என் முகத்துக்குத் திருப்பினேன். அவ்வளவுதான். என் கண் இரண்டும் போய்விட்டது. முகத்தைச் சுளித்து, இமையை இறுக்கி, வாயைக் கோணிக்கொண்டு நின்றிருப்பேன். அந்த முகத்தை யாருக்கு அடையாளம் தெரியும்? திரும்பவும் கண்ணைத் திறந்தால் பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள் ஆடின. அவள் இருக்கிறாளா, இல்லையா என்று தெரியவில்லை. ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.  வெளிச்சத்தைக் குறைக்கலாம் என்று பொத்தானை அமுக்கினேன். அது விட்டுவிட்டு மின்னத் தொடங்கியது.

தங்கச்சி, நீ போட்ட படத்துக்குக் கீழே எழுதியிருந்தது, 'எதிரியைத் திணறடிக்கும் மின்னல் வெளிச்சம்' என்று. அந்த மின்னலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு மின்னலுக்கு அவள் பாறையின் நடுவில் நின்றாள். அடுத்த மின்னலுக்கு விளிம்பில் நின்றாள். நடுவே அவள் நகர்ந்ததை நான் காணவில்லை. பிள்ளை வீறிட்டு அழுதது. அணைக்கலாம் என்றால் பொத்தானை எத்தனை தரம் அமுக்கவேண்டும் என்று மறந்துபோயிற்று. கடைசியில் டோர்ச்சை அப்படியே சுவெட்டருக்குள் திணித்து, அதன் மேல் குப்புறக் குனிந்துகொண்டேன்.

இருட்டிலிருந்து, "தனம், நான்தான்மா. மிட்வைஃப் மிஸ்" என்றேன். நல்ல வார்த்தை சொல்லிவிட்ட நினைப்பு எனக்கு.

"புள்ளயத் தர மாட்டேன் மிஸ்! கிட்ட வந்தீங்கன்னா எறங்கிருவேன்! சத்தியமா எறங்கிருவேன்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரெல்லாம் அவளைத் தேடுகிறது, அவள் பயந்து அங்கே வந்து உட்கார்ந்திருப்பதோ ஒரே ஓர் ஆளுக்கு. அது நான். கண்ணைக் கூசவைக்கிற அந்த வெளிச்சமும் நான், காலையில் வரிசைக்கு முன்னால் கேட்ட குரலும் நான். ஆளைக் காப்பாற்ற வந்ததாக எண்ணிக்கொண்டு நான் அவளை ஆற்றுக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன். உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. இத்தனை வருஷத்துக்குப் பிறகும், இதை எழுதும்போது அதே கூச்சம்.

இந்த இடத்தில் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை. கிட்டப் போனால் இறங்கிவிடுவாள். திரும்பி ஓடினாலும் இருட்டில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? அப்படியே ஈரத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்துவிட்டேன் என்று சொன்னேன். "நான் உக்காந்துட்டேன் தனம். எழும்ப மாட்டேன்."

"பொய் சொல்றீங்க. எல்லாரு முன்னாடியும் சொன்னீங்கள்ல, தூக்கிட்டுப் போயிருவேன்னு."

மேலே பாதையில் ஆட்களின் பேச்சுக்குரல் கேட்கத் தொடங்கியது. லயத்து ஆம்பிளைகள், பீலிக்கரைப் பெண்கள், எல்லோரும் இறங்கி வருகிறார்கள். அவர்கள் வருவதற்குள் மன்னிப்பை மெதுவாகச் சொல்லி முடித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். என் புத்தி அப்படி. பிறகு அவள் சொன்ன வார்த்தை காதில் நின்றது. எல்லார் முன்னாடியும் சொன்னதை எல்லார் முன்னாடியும்தான் திரும்ப எடுக்கவேண்டும். தொண்டை கிழியக் கத்தினேன்.

"காலையில நான் பேசினது பிழை தனம்! ஒன்ன வச்சு நான் சிரிச்சது பிழை! புள்ளய ஒங்கிட்ட இருந்து யாரும் எடுக்க மாட்டாங்க! எடுக்க எனக்கு உரிமையும் இல்ல! எல்லாரும் கேட்டுக்கங்க, ஹெட்லைட் மிஸ் காலையில சொன்னது பிழை!"

மேலே பேச்சு நின்றுவிட்டது. மலை முழுக்கக் கேட்டிருக்கும். தனம் விசும்புகிற சத்தம் வந்தது. பாறைப் பக்கம் சரளை சரிந்து தண்ணீரில் விழுகிற சத்தமும் வந்தது. அந்த நேரத்தில் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று ஞாபகமில்லை.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு சின்ன வெளிச்சம் இறங்கியது. போன் வெளிச்சம். அது பாதையில் விழவில்லை, ஒரு முகத்தில் விழுந்தது. மல்லிகா போனைத் தன் நெஞ்சுக்கு நேரே மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு, காலடியைப் பார்க்காமல், தன் முகத்தைக் காட்டியபடியே இறங்கி வந்தாள். இரண்டு தரம் வழுக்கினாள். அப்போதும் போனைத் திருப்பவில்லை.

"தனம், இங்க பாரு. நான்தான், மல்லிகா. வாடி. புள்ள குளிர்ல வெறச்சிரும். வா, ரெண்டு பேரும் வீட்டுக்குப் போவோம்."

தனம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே பாறையிலிருந்து இறங்கி வந்தாள். மல்லிகா பிள்ளையை வாங்கவில்லை. தாயையும் பிள்ளையையும் சேர்த்துத் தன் கம்பளியால் போர்த்தினாள். நான் உட்கார்ந்திருந்த இடத்தைத் தாண்டித்தான் பாதை. தாண்டும்போது தனம் பிள்ளையின் முகத்தின் மேல் துண்டை இழுத்துவிட்டாள். அதை நான் பார்த்தேன். நான் பார்க்கட்டும் என்று அவள் செய்யவில்லை, தன்னை அறியாமல் செய்தாள். அதுதான் இன்னும் வலிக்கிறது.

தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். தனத்துக்கு வந்தது வியாதி, மருந்தும் பேச்சும் தூக்கமும் கொடுத்தால் ஆறுகிற வியாதி. ஆறியது. பிள்ளையும் தேறியது. என் மேல் யாரும் முறைப்பாடு செய்யவில்லை. தனம் மட்டும் அதன் பிறகு என் கிளினிக்குக்கு வரவில்லை. பக்கத்துத் தோட்டத்து மிஸ்ஸிடம் அவ்வளவு தூரம் நடந்து போனாள். தோட்டத்தில் 'ஹெட்லைட் மிஸ்' என்று கூப்பிடுவதும் நின்றுவிட்டது. கேலி பண்ணிக்கொண்டிருந்த வாய்கள் எல்லாம் "வாங்க மிஸ்" என்று மரியாதையாகச் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது.

ஆகவே தங்கச்சி, உன் கேள்விக்கு வருகிறேன். எத்தனை தூரம் அடிக்கும் என்று கேட்காதே. கொழுந்தெடுக்கிற மலையில் நாம் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் எதைப் பார்க்கப்போகிறோம்? காலடியும் அதற்கு அடுத்த பத்தடியும் தெரிந்தால் போதும். முதல் அமுக்கலில் சின்ன வெளிச்சம் வருகிறதா என்று பார். அணைக்க எத்தனை அமுக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு செய்துபார். விட்டுவிட்டு மின்னுகிற வசதி இருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வா. நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சம் வேண்டாம், பச்சைப்பிள்ளைக்கு மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பார்க்கும்போது நிறத்தைப் பற்றிப் பொய் சொல்லும். கடைசியாக, கடைக்காரர் முன்னாலேயே அதை உன் முகத்துக்குத் திருப்பு. கண்ணைத் திறந்துகொண்டு உன் பெயரைச் சொல்ல முடிகிறதா என்று பார். அவர் சிரிப்பார், சிரிக்கட்டும். முடியாவிட்டால் அந்த டோர்ச் நமக்கில்லை. இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்ததுதான், அழுது வடிந்த அந்தத் தகர டோர்ச்சில் செய்ததுதான். பலம் கைக்கு வந்ததும் மறந்துபோனேன்.

இன்னும் ஒன்று. போன மாதம் கொட்டகலை பஜாரில் பஸ்ஸுக்கு நின்றேன். மழை இருட்டு, கரண்டும் போய்விட்டது. பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். சட்டென்று ஒரு போன் வெளிச்சம் எரிந்தது. கண்ணைச் சுருக்கத் தயாரானேன். அது என் மேல் விழவில்லை. தனம் தன் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் பள்ளிக்கூட உடுப்போடு ஒரு பெண்பிள்ளை.

"மிஸ், தெரியுதுங்களா? நான்தான், தனம்."

 பிள்ளை என்னை அண்ணாந்து பார்த்து, "யாருமா இவங்க?" என்று கேட்டது. தனம் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீ பொறந்தப்ப ஒன்னத் தூக்கி நிறுத்துப் பாத்த மிஸ்" என்றாள். 

பிள்ளை இருட்டில் என் முகத்தைத் தேடியது. நான் பைக்குள் கையை விட்டு என் சின்ன டோர்ச்சை எடுத்து, என் முகத்துக்குத் திருப்பினேன். கண்ணில் தண்ணீர் நின்றது. வெளிச்சம் கூசியதால் அல்ல. அந்தப் பிள்ளை பார்த்து முடிக்கும்வரை நான் கண்ணை மூடவில்லை.